விளக்கொளியில் மட்டும் தெரியும் தூசு

பணியிடங்களின் காற்றில் கலந்திருக்கும் தூசை அளப்பது என் தொழில். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு கல்லறுப்புக் கூடத்தின் கதவுகளைச் சாத்தச் சொல்லி, மேலே எரிந்த விளக்குகளைக் குறைத்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த வலுவான விளக்கு ஒன்றை முக்காலியில் பொருத்தி, அதன் ஒளி கல்லறுப்பவரின் முகத்துக்கு அருகே குறுக்காகச் செல்லும்படி நிறுத்தினார். அதற்கு ஐந்து நிமிடம் முன்புதான், "இங்கே தூசு அதிகமில்லை" என்று நான் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். ஒளி நேரே கண்ணில் படாதபடி ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு விளக்கிருந்த திசையை நோக்கிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வெறுங்காற்று என்று நான் நினைத்திருந்த இடத்தில் புகைபோல ஒன்று சுருண்டு எழுந்துகொண்டிருந்தது. கல்லறுப்பவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது அவருடைய மூக்கை நோக்கி வளைந்தது. மூச்சை விடும்போது விலகியது. குறிப்பேட்டில் எழுதியிருந்த வரியை அங்கேயே அடித்தேன்.

சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த விளக்குதான் நினைவுக்கு வருகிறது. ஏனென்றால், இந்த நோயைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை, கண்ணுக்குத் தெரிகிற தூசுதான் ஆபத்தானது என்ற ஒரே எண்ணத்திலிருந்து பிறக்கின்றன. புருவத்தில் வெள்ளையாகப் படிவதும், தொண்டையைக் கரகரக்க வைப்பதும், சட்டையை உதறினால் பறப்பதும் பெரிய துகள்கள். அவற்றுள் மிகப் பலவற்றை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகின்றன. சளியோடும் தும்மலோடும் அவை வெளியேறிவிடும். நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்று நுண்ணறைகள் வரை போய்ச் சேர்பவை பெரும்பாலும் 5 மைக்ரோனுக்கும் குறைந்த துகள்கள். மனிதத் தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரோன் வரை இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் அவற்றின் சிறுமை புரியும். அவ்வளவு சிறியவை கண்ணுக்குத் தெரிவதில்லை, தொண்டையில் உறுத்துவதில்லை, இருமலைத் தூண்டுவதுமில்லை. அவை எளிதில் கீழே படிவதுமில்லை: 1 மைக்ரோன் அளவுள்ள குவார்ட்ஸ் துகள் (மணலிலும் கருங்கல்லிலும் உள்ள படிகச் சிலிக்காதான் குவார்ட்ஸ்) அசைவே இல்லாத காற்றில் ஆளுயரம் இறங்குவதற்கு ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். ஆட்கள் நடமாடும் இடத்தில் காற்று ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. "மிஷினை நிறுத்தியாச்சு, தூசு அடங்கிடுச்சு" என்று சொல்லி முகத்துணியை அவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுபவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அடங்கியது கண்ணுக்குத் தெரிந்த தூசு மட்டுமே.

கனிமத் தூசை மூச்சில் இழுப்பதால் வரும் நுரையீரல் நோய்கள் அனைத்துக்கும் பொதுவாக நிமோகோனியோசிஸ் என்று பெயர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்கு வருவது கருநுரையீரல் நோய். கல்நார் இழைகளால் வருவது அஸ்பெஸ்டோசிஸ். படிகச் சிலிக்காவால் வருவது சிலிக்கோசிஸ். இந்தக் கடைசிப் பெயரை 1870இல் இத்தாலிய மருத்துவர் விஸ்கான்டி, சிக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து உருவாக்கினார். மூன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு என்றாலும் இந்தப் பதிவில் சிலிக்காவோடு நின்றுகொள்கிறேன். நான் அதிகம் அளந்திருப்பது அதைத்தான். மணல், கருங்கல், மணற்கல், செங்கல், கான்கிரீட் என்று மனிதன் கட்டுவதற்கு எடுத்த பொருள்களில் பெரும்பாலானவற்றுள் அது இருக்கிறது.

கல் கல்லாக இருக்கும்வரை அதனால் நுரையீரலுக்குத் தீங்கில்லை. அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், தேய்க்கும்போதும்தான் ஆபத்து பிறக்கிறது. புதிதாக உடைந்த சிலிக்காத் துகளின் மேற்பரப்பு, நாட்பட்ட துகளின் மேற்பரப்பைவிட வேதியியல் வினையில் மிகவும் வீரியமானது. ஆற்றங்கரை மணலில் விளையாடும் குழந்தைக்கு வராத நோய், அதே மணலைக் காற்றழுத்தத்தால் இரும்பின்மேல் பீச்சியடித்துத் துரு நீக்குபவருக்குச் சில ஆண்டுகளிலேயே வந்துவிடுவதற்குத் துகளின் அளவோடு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே போன துகளுக்கு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நுண்ணறைகளில் அந்நியப் பொருள்களை விழுங்கி அகற்றுவதற்கென்றே மாக்ரோபேஜ் எனப்படும் காவல் உயிரணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தாலும் தூசு வந்தாலும் அவை விழுங்கிவிடும். சிலிக்காத் துகளையும் அப்படியே விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. துகள் தன்னைப் பொதிந்திருக்கும் பையைக் கிழிக்கிறது. அந்த உயிரணு சாகிறது. சாகும்போது அழற்சியைத் தூண்டும் பொருள்களை அக்கம்பக்கமெங்கும் கொட்டுகிறது. துகள் மட்டும் கரையாமல், தேயாமல் அப்படியே வெளியே விழுகிறது. அடுத்த மாக்ரோபேஜ் வந்து அதை விழுங்குகிறது, அதுவும் சாகிறது. ஒவ்வொரு அழற்சிக்குப் பின்னும் உடல் தன்னால் இயன்ற ஒரே வழியில் காயத்தை ஆற்றப் பார்க்கிறது: அந்த இடத்தில் நார்த்திசுவை நெய்கிறது. வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் தெரிவதுபோல் வட்டத்துக்குள் வட்டமாக நார் அடுக்கிய சிறு முடிச்சுகள் உருவாகின்றன. அவை பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில் தோன்றுகின்றன. நாளடைவில் சிலருக்கு இந்த முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கட்டிகளாகத் திரள்கின்றன. சுருங்கி விரிய வேண்டிய நுரையீரல் அங்கே தழும்பாக இறுகிவிடுகிறது.

நான் அறிந்த ஒருவர், கல் வேலையை விட்டு மூன்று ஆண்டுகள் ஆன பிறகு, என்னிடம் இப்படிக் கேட்டார்: "சார், தூசு பக்கமே நான் போறதில்ல. வேலையை விட்டும் ஏன் எனக்கு மூச்சு இன்னும் குறைஞ்சுக்கிட்டே போகுது?" நியாயமான கேள்வி. பதில்தான் கொடுமையானது. தூசை இழுப்பதை அவர் நிறுத்திவிட்டார். முன்பே இழுத்த தூசு அவருக்குள் வேலையை நிறுத்தவில்லை. தழும்பை அழித்து நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும், ஆக்சிஜனும், மூச்சுப் பயிற்சியும் துன்பத்தைக் குறைக்கும்; நோய் முற்றிய சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை செய்யப்படுகிறது. அவரிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. மாடிப்படியில் நான்கைந்து படிக்கு ஒருமுறை நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பேசுவதற்காக நிற்பதுபோல் காட்டிக்கொள்ளும் மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

நோய் வரும் வேகம் எல்லோருக்கும் ஒன்றல்ல. குறைந்த அளவுத் தூசைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தவர்களுக்கு மெல்ல வருவது நாட்பட்ட வகை. அளவு கூடினால் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிடும். மிகக் கடுமையான தூசில் வேலை செய்தவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில ஆண்டுகளுக்குள் நுண்ணறைகளில் புரதம் கலந்த நீர்மம் நிறைந்துவிடும் திடீர் வகையும் உண்டு. அதிலிருந்து பிழைப்பவர்கள் குறைவு. சிலிக்காவால் நுரையீரல் புற்றுநோயும் வரலாம் என்பதால், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் படிகச் சிலிக்காத் தூசை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

காசநோயைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். காசநோய்க் கிருமியை விழுங்கிக் கட்டுப்படுத்த வேண்டியவையும் அதே மாக்ரோபேஜ்கள்தான். சிலிக்கா அவற்றை முடமாக்கிவிடுவதால், தூசில் வேலை செய்தவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பன்மடங்கு கூடுகிறது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது: இரண்டு நோய்களும் நுரையீரலின் மேற்பகுதியில் நிழலாகத் தெரியும், இரண்டிலும் இருமலும் எடை குறைவும் இருக்கும். மேலே நான் சொன்னவருக்குச் சளிப் பரிசோதனையில் கிருமி தென்படாதபோதும் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்தார்கள். குணமாகவில்லை என்று இரண்டாம் முறையும் தொடங்கினார்கள். அந்த மருத்துவமனையில் அவரிடம் புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டார்கள், மதுப்பழக்கம் உண்டா என்று கேட்டார்கள், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்றும் கேட்டார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்த இடைவெளியில் அவர் மறுபடியும் கல்லறுக்கப் போயிருந்தார். மருந்து சாப்பிட்டுக்கொண்டே தூசையும் இழுத்திருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஏனென்றால் அந்தக் கேள்வி புதியதல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் எழுதிய நூலில், நோயாளியிடம் கேட்க வேண்டும் என்று பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸ் சொல்லிச் சென்ற கேள்விகளோடு "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்த்துக்கொள்ளும்படி மருத்துவர்களுக்கு எழுதினார். கல் வெட்டுபவர்களின் நுரையீரலைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அவருக்கும் முன்னால், 1556இல் வெளியான சுரங்கத் தொழில் நூலில் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா, ஐரோப்பாவின் கார்பாத்திய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஏழு கணவர்களை மணந்த பெண்கள் இருந்தார்கள் என்றும், அந்த ஏழு பேரையும் நோய் இளமையிலேயே கொண்டுபோய்விட்டது என்றும் பதிவு செய்தார். சுரங்கத் தூசைப் பற்றி நான் படித்த வரிகளில் மனத்தை விட்டு அகலாதது அதுதான். ஏழு பேரை அடுத்தடுத்து அடக்கம் செய்த அந்தப் பெண்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

நோயைப் பற்றிய அறிவு வளர்ந்தும் அது வேலையிடத்தை எட்டாமல் போனதற்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்தது பெரிய சாட்சி. 1930இல் அங்கே காலி (Gauley) என்ற மலையைக் குடைந்து, நீர்மின்சாரத்துக்காக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கவழியைத் தோண்டத் தொடங்கினார்கள். வழியில் குறுக்கிட்ட பாறை ஏறக்குறைய தூய சிலிக்கா. நீர் பாய்ச்சித் துளையிடும் முறை அப்போதே வழக்கத்துக்கு வந்திருந்தும், வேகத்துக்காக உலர் முறையில் துளையிட்டார்கள். உள்ளே இறங்கி வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினத்தவர்கள். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது 476 பேர் இறந்ததாகக் கணக்கு சொல்லப்பட்டது; அரை நூற்றாண்டுக்குப் பின் நடந்த ஆய்வு 764 பேர் என்று மதிப்பிட்டது. தண்ணீர் பாய்ச்சும் குழாய்கள் இருந்திருந்தால் அவர்களில் மிகப் பலர் உயிரோடு வீடு திரும்பியிருப்பார்கள்.

அதே நாட்டின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள பாரி என்ற ஊரின் கதை வேறு. அங்கே கருங்கல் செதுக்கும் கொட்டகைகளில் காற்றழுத்த உளி வந்த பிறகு தூசு பெருகிச் சிலிக்கோசிஸும் காசநோயும் கல்தச்சர்களை வாரிக்கொண்டு போயின. 1930களின் பிற்பகுதியில், உளி கல்லில் படும் இடத்துக்கு அருகிலேயே உறிஞ்சு குழாய்களைப் பொருத்தித் தூசை வெளியேற்றத் தொடங்கினார்கள். அதன்பின் வேலையில் சேர்ந்த தலைமுறையில் அந்த நோய் அரிதாகிவிட்டது. கல்லும் ஊரும் செய்யும் வேலையும் மாறவில்லை. தூசு பிறந்த இடத்திலேயே பிடிபட்டது, மாறியது அவ்வளவுதான். நான் வேலை செய்யும் இடங்களில் யாராவது, "இந்தத் தொழில்னா அப்படித்தான் இருக்கும், ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொன்னால் பாரியைப் பற்றிச் சொல்வேன்.

ஹாக்ஸ் நெஸ்டில் வேலை தொடங்கிய அதே 1930இல்தான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஜோகன்னஸ்பர்க்கில் சிலிக்கோசிஸ் பற்றிய மாநாட்டைக் கூட்டியது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் குவார்ட்ஸ் பாறை எத்தனை பேரின் நுரையீரலை அழித்தது என்பதற்கு அந்த இடத்தேர்வே சான்று. அந்தச் சுரங்கங்களின் முன்னாள் தொழிலாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் 2018இல் எட்டப்பட்டு, 2019இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின் மதிப்பு 500 கோடி ராண்ட். மாநாட்டுக்கும் இழப்பீட்டுக்கும் நடுவே ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள். சாண்ட் பிளாஸ்டிங்கிலும் இதே கதைதான்: வார்ப்பிரும்புகளைச் சுத்தம் செய்ய மணலைப் பீச்சியடிப்பதைத் தடுக்கும் விதியைப் பிரிட்டன் 1949இல் இயற்றியது; ஜீன்ஸ் துணிக்கு நைந்த தோற்றம் வரவேண்டும் என்பதற்காக அதே மணலைப் பீச்சியடித்து இளைஞர்கள் நோயுற்று இறந்த பிறகு, துருக்கி 2009இல்தான் அதைத் தடை செய்தது.

இப்போது ஆபத்து சமையலறை மேடையின் வடிவில் வந்திருக்கிறது. குவார்ட்ஸ் பொடியைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்யப்படும் செயற்கைக் கல்லில் சிலிக்கா 90 விழுக்காட்டையும் தாண்டும். இயற்கைக் கருங்கல்லில் அது பெரும்பாலும் அதன் பாதிக்கும் குறைவு, சலவைக்கல்லில் மிகச் சொற்பம். அந்தச் செயற்கைப் பலகையில் குழாய்க்கும் தொட்டிக்கும் இடம் விட்டு உலர் முறையில் அறுத்தவர்கள், முப்பதுகளிலும் நாற்பதுகளிலுமே நுரையீரலை இழந்தார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. பாதுகாப்பாகக் கையாளச் சொல்லிக்கொண்டிராமல் பொருளையே விலக்கிய அந்த முடிவு சரியானது என்பது என் கருத்து. ஒரே மாதிரி பளபளக்கும் மேடைக்கு மாற்றுப் பொருள்கள் எத்தனையோ உண்டு.

இனி அளவைப் பற்றி. தொழிலாளியின் சட்டைக் காலரில், மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், சிறு உருளை ஒன்றைக் கோத்து, இடுப்பில் கட்டிய பம்பால் ஒரு ஷிஃப்ட் முழுவதும் காற்றை இழுப்போம். அந்த உருளை பெரிய துகள்களைச் சுழற்றிப் பிரித்துக் கீழே தள்ளிவிட்டு, நுண்ணறை வரை போகக்கூடியவற்றை மட்டும் வடிதாளில் சேர்க்கும். அமெரிக்கா 2016இல் வகுத்த விதிப்படி 8 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் இருக்கக்கூடாது. உடலுழைப்பில் இருப்பவர் ஒரு ஷிஃப்டில் இழுப்பது ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று என்று கொண்டால், நாள் முழுவதற்கும் வரம்பு அரை மில்லிகிராம். உப்புப் பொடியில் ஏறத்தாழ எட்டு மணிகளின் எடை அது. அந்த எட்டு மணிகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டித்தான் பயிற்சி வகுப்பைத் தொடங்குகிறேன். பின்வரிசையில் இருப்பவர்கள் கையில் ஒன்றுமே இல்லை என்பார்கள்.

தடுப்பு என்றதும் முதலாளிகளும் தொழிலாளர்களும் முதலில் நினைப்பது மாஸ்க்கை. அதைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு இடத்திலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. முகத்தில் சுற்றும் துண்டும் துணி மாஸ்க்கும் இந்தத் துகள்களை நம்பத்தக்க வகையில் தடுப்பதில்லை. என்95 போன்ற வடிகட்டி மாஸ்க் தடுக்கும். ஆனால் முகத்தோடு ஓரங்கள் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான். நான்கு நாள் தாடி இருந்தாலே காற்று ஓரமாகப் புகுந்துவிடும். வெயிலில் எட்டு மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு கனமான கட்டிங் மிஷினைப் பிடித்து நிற்பவர் மூச்சு முட்டி அவிழ்க்கத்தான் செய்வார். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. முதலில் செய்ய வேண்டியது, அறுக்கும் சக்கரம் கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் விடுவது. கையில் பிடித்து அறுக்கும் மிஷினுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டராவது வேண்டும். ஒரு பாட்டிலைக் கவிழ்த்து அவ்வப்போது தெளிப்பது பயன்படாது. தண்ணீர் விட முடியாத இடத்தில், மிஷினோடு சேர்த்துப் பொருத்திய உறிஞ்சு குழாய் வேண்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்குவதும், கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்வதும், படிந்ததை மறுபடியும் மூச்சுயரத்துக்குக் கிளப்பிவிடுகின்றன. ஈரமாகத் துடைக்க வேண்டும். தூசுச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது.

தண்ணீர் விட்டபின் அதே விளக்கை ஏற்றிக் காட்டினால் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படுவதில்லை. ஆனால் தண்ணீர் கலந்த குழம்பு காய்ந்து மிதிபட்டால் மறுபடியும் தூசாகிவிடும் என்பதையும், அதை அன்றன்றே கழுவிவிட வேண்டும் என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். இதை மறந்த இடங்களில் என் வடிதாள்கள் பழைய கணக்கையே காட்டியிருக்கின்றன.

தூசில் வேலை செய்பவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. வேலையில் சேரும்போதே மார்பு எக்ஸ்ரே எடுத்து அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமெட்ரி சோதனையை ஆண்டுதோறும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நோயின் தொடக்கத்தில் படத்தில் முடிச்சுகள் தெரிந்தாலும் உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எங்கே, எந்தப் பொருளை, ஈரமாகவா உலர்வாகவா அறுத்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இருமலுக்காக எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், நீங்கள் செய்யும் வேலையை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

நான் மேலே சொன்ன அந்த மனிதரிடம் அப்படி எந்த நோட்டும் இல்லை. வேலை செய்ததற்குச் சம்பளச் சீட்டோ அடையாள அட்டையோ கிடையாது. கடைசியாக இருந்த கொட்டகையையும் மூடிவிட்டார்கள். ஒரு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவருக்கு ஆண்டுகள் நினைவில் இல்லை. கற்கள்தான் நினைவில் இருந்தன. "அது செவப்புக் கல்லு அறுத்தப்போ, பெரியவ பொறந்திருந்தா" என்பார். மகளின் வயதிலிருந்து நான் ஆண்டைக் கணக்கிட்டுக்கொள்வேன். எது உளிக்கு இளகியது, எது சக்கரத்தைத் தின்றது, எதை அறுக்கும்போது தூசு வாயில் இனிப்பதுபோல் இருந்தது என்று எல்லாம் சொன்னார். நடுநடுவே மூச்சு வாங்கும். விரலைத் தூக்கி இருக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்து தொடர்வார். பதினாறு ஆண்டுகள் இரண்டு பக்கங்களுக்குள் அடங்கின. அடுத்த வாரம் வேறொரு மருத்துவரிடம் அந்தத் தாள்களை நீட்டியபோது, அவர் படத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஓரமாக வைத்துவிட்டு, முதலில் தாள்களைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு காசநோய் மருந்தை நிறுத்திவிட்டுச் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார்.